ஜிஆர்இ வெர்பல்: ஆயிரம் கார்டு மனப்பாடம், மார்க் 146

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதிய ஜிஆர்இ தேர்வு முடிந்ததும், ஆங்கிலப் பகுதியான வெர்பலுக்குத் திரையில் 146 என்று வந்தது. வேறு யாருடைய மார்க்கோ என்றுதான் முதலில் நினைத்தேன். கணக்குப் பகுதியான குவான்ட் நன்றாகவே வந்திருந்தது. 20,000 ரூபாய்க்கு மேல் கட்டிய பணமும், மூன்று மாதம் பஸ்ஸில் உட்கார்ந்து புரட்டிய ஆயிரம் வார்த்தைக் கார்டும்தான் வயிற்றெரிச்சல்.

கோச்சிங் சென்டரில் "வார்த்தைப் பட்டியலை முடிச்சிட்டா வெர்பல் முடிஞ்சுது" என்றார்கள். அது பழைய கதை. எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை 2011-லேயே தூக்கிவிட்டார்கள். இப்போது காலி இடத்தை நிரப்ப வேண்டும், அல்லது பத்தியைப் படித்து இந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். என்னைக் கவிழ்த்தவை கார்டில் இருந்த முரட்டு வார்த்தைகள் அல்ல, எட்டாம் வகுப்பிலேயே தெரிந்தவை.

தேர்வில் வந்ததை வெளியே சொல்லக்கூடாது, அதனால் நானே செய்த உதாரணம். ஒரு குழு ஒரு திட்டத்துக்கு 'குவாலிஃபைட்' ஆதரவு தந்தது. நோக்கத்தைப் பாராட்டிவிட்டுப் பிரிவுக்குப் பிரிவு ஆட்சேபம் சொன்னது. கை தானாக 'தகுதி வாய்ந்த' என்ற விடைக்குப் போகும். பொருளோ அரைமனதான, நிபந்தனை போட்ட ஆதரவு. அடுத்த வாக்கியத்தில் விடையை எழுதியே வைத்திருக்கிறார்கள், நாம்தான் அதுவரை படிப்பதில்லை. இதே போல 'செக்' என்றால் தடுப்பது, 'வான்ட்' என்றால் இல்லாமை, 'ஃப்ளாக்' என்றால் சோர்ந்து தொய்வது.

மார்க்கைச் சொன்னதும் அம்மா, "நல்லா இருக்குடா உன் லட்சணம்" என்றாள். அந்த 'நல்லா'வுக்கு எந்த அகராதியையும் நான் புரட்டவில்லை. தமிழில் தானாக நடப்பதை ஆங்கிலத்தில் ஏன் செய்யவில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்த தேர்வுக்கு 21 நாள் இடைவெளி போதும், நான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். கார்டுகளைப் பரணில் போட்டேன். கேட்ட சொல்லை மறைத்துவிட்டு அந்த இடத்தில் தமிழிலேயே ஒரு சொல்லை வைப்பேன், அப்புறம்தான் விடைகளைப் பார்ப்பேன். முதலில் விடைகளைப் பார்த்தால் போச்சு, எல்லாமே சரி போலவே தெரியும். 'ஆல்தோ', 'டெஸ்பைட்' வந்தால் வாக்கியம் திரும்பப் போகிறது என்று அர்த்தம். ஒரே காலி இடத்துக்கு, ஆறு சொல்லில் ஒரே பொருள் தரும் இரண்டை எடுக்கும் கேள்வியில் இன்னொரு வலை: ஒரே பொருளுள்ள ஜோடி கண்ணில் பட்டதும் டிக் செய்துவிடாதீர்கள். வாக்கியத்தில் பொருந்தாத ஜோடியும் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டாம் தடவை 155. முதல் பகுதி, 12 கேள்வி, 18 நிமிடம், சுகமாகப் போனது. அதை நன்றாகச் செய்ததற்குத் தண்டனையாக அடுத்த 15 கேள்வியும் கடினமாகவே வந்தன. மூன்று காலி இடக் கேள்வி ஒன்று நாலு நிமிடத்தை விழுங்கியது. இரண்டு இடம் உறுதி, மூன்றாவது குருட்டடி. அது தப்பானால் அந்த இரண்டுக்கும் சேர்த்துப் பூஜ்யம்தான். கடைசி இரண்டு கேள்விகளைப் படிக்கவே நேரமில்லை. தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எதையோ தட்டிவிட்டு வந்தேன்.