வலிக்காகப் போகவில்லை, வீக்கத்துக்காகப் போனோம்

அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முதலில் ஐஸ்கிரீம் பட்டால் கூசியது, ஐஸ்கிரீமை விட்டார். அப்புறம் சூடான காபி பட்டால் விண்ணென்று தெறித்து, வெகுநேரம் அடங்காமல் இருந்தது. காபியை ஆற்றிக் குடிக்கத் தொடங்கினார். கடைசியில் மெல்லுவது முழுக்க இடது பக்கம்தான். ராத்திரி வலித்தால் கிராம்புத் தைலம், இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப் மாத்திரை.

டாக்டரிடம் போகலாம் என்றால் ஒரு பதில் தயாராக இருக்கும். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடுமாம். அது மேல் பல்லுக்குத்தானே சொல்வார்கள் என்றால், "எல்லா நரம்பும் ஒண்ணுதான்டா" என்பார். (பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு.) பெரியம்மாவுக்குப் பல் க்ளீன் செய்தபின் பல் ஆட ஆரம்பித்தது இன்னொரு சாட்சி. ஈறும் எலும்பும் முன்பே கரைந்துபோய், பல்லில் இறுகிப் படிந்த காறைதான் அந்தப் பல்லைப் பிடித்து நிறுத்தியிருந்தது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? போதாததற்கு அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை இருந்தால் பல்லில் கை வைக்கக் கூடாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உண்மையில் சர்க்கரை உள்ளவர்களுக்குத்தான் ஈறு நோய் அதிகம், அவர்கள்தான் சீக்கிரம் போக வேண்டும்.

இதெல்லாம் வெளியே சொன்ன காரணங்கள். உள்ளே இருந்தது செலவு. எங்கள் மருத்துவக் காப்பீட்டில், பெரும்பாலான பாலிசிகளைப் போலவே, விபத்தில் அடிபட்டால் தவிர பல் வைத்தியம் கிடையாது. எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் நாற்காலியில் போய் உட்கார அம்மாவுக்கு மனசில்லை. எனக்கென்னவோ ஊசி பயத்தைவிட இது பெரிது என்றே தோன்றுகிறது.

ஒருநாள் வலி நின்றுவிட்டது. "பார்த்தியா, தானா சரியாயிடுச்சு" என்றார். பல்லுக்குள் இருந்த நரம்பு செத்துப்போனதால் நின்ற வலி அது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் போய்க்கொண்டிருந்தது. பிறகு கன்னம் வீங்கியது, கடையில் வாங்கிய கேப்ஸ்யூலில் வடிந்தது, மறுபடி வீங்கியது. இரண்டாவது வீக்கம் சித்தி பெண்ணின் வளைகாப்புக்கு முந்தைய வாரம். அன்று அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். "போட்டோ எடுப்பாங்களேடா." சீழ், சர்க்கரை என்று நான் எவ்வளவோ சொல்லியும் நடக்காதது இதில் நடந்தது.

டாக்டர் முதலில் கேட்டது சர்க்கரை அளவும் சாப்பிடும் மாத்திரைகளும். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம். பல்லை எடுக்கத் தேவையில்லை, வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்து, பல்லின் மேல் உறை மாதிரி கேப் போடலாம் என்றார். அம்மாவின் முகம் அப்போதே பாதி தெளிந்துவிட்டது. பல்லைத் திறந்து சீழை வடியவிட்டு, உள்ளே சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். வீக்கம் வடிந்தபின் வேர்க் குழாய்களை நிரந்தரமாக அடைத்தார். கடைசியாக அளவெடுத்து கேப்.

செலவைப் பற்றி நானே முன்கூட்டிக் கேட்டேன். வேர் சிகிச்சைக்குத் தனி, கேப்புக்குத் தனி. உலோகக் கேப் மலிவு, பீங்கான் அதற்கு மேல், சிர்கோனியா என்கிற உறுதியான வெள்ளைக் கேப் எல்லாவற்றுக்கும் மேல். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம் என்றார்கள். இது கட்டுப்படியாகாதவர்களுக்குச் சென்னையில் பிராட்வே பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953இல் தொடங்கியது. தனியார் பல் கல்லூரிகளிலும் செலவு குறைவு. மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

அம்மா உலோகக் கேப்பே போதும் என்றுவிட்டார். "பின்னாடிப் பல்லை யார் எட்டிப் பார்க்கப் போறாங்க?" இடது பக்கம் இன்னொரு பல்லில் சின்னச் சொத்தை இருக்கிறது, வெறும் அடைப்போடு முடிந்துவிடும் என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.