விடியலுக்கு முந்தைய இரண்டு மணி நேரம்

பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாற்றுக் கழிமுகத்தை ஒட்டியுள்ள மாமாவின் இறால் குட்டையில் சென்ற வாரம் தங்கியிருந்தேன். அதிகாலை நான்கு மணிக்கு மின்சாரம் நின்றதும், டார்ச் விளக்குடன் அவர் டீசல் ஜெனரேட்டரை நோக்கி ஓடியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பகலில் உயிர்வளியைத் தரும் நுண்பாசிகளே இரவில் அதை எடுத்துக்கொள்வதால், நீரில் கரைந்த உயிர்வளி விடியலுக்குச் சற்று முன்புதான் மிகவும் குறைகிறது. அவ்வேளையில், நீரைக் கலக்கிக் காற்றூட்டும் ஏரியேட்டரின் துடுப்புகள் நின்றுவிட்டால் இறால்கள் நீர்மட்டத்துக்கு வந்து கரையோரம் ஒதுங்கத் தொடங்கிவிடும்.

ஜெனரேட்டர் கரும்புகையுடன் உறுமியது. அதன் அடியில் கசிந்த எண்ணெய், வரப்பு மண்ணைக் கறுப்பாக்கி நீர்விளிம்புவரை இறங்கியிருந்தது.

ஜெனரேட்டருக்குப் பதில் பேட்டரி வைத்தால் என்ன என்று அன்றே கணக்குப் போட்டோம். 2 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஏரியேட்டர்களுக்கு ஏறத்தாழ 6 கிலோவாட் தேவை. இரவின் பத்து மணி நேரத்துக்கும் 60 யூனிட் சேமிப்பது மாமாவுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் இரண்டு மணி நேர மின்தடையைத் தாங்க, இழப்பையும் சேர்த்து 15 யூனிட் பேட்டரி போதும். நொடியில் பொறுப்பேற்கும் அதைப் பகலில் சூரியத் தகடுகளாலேயே நிரப்பலாம். நார்வேயின் கூண்டு மீன் பண்ணைகளிலும் தீவனப் படகுகளில் டீசலைக் குறைக்கப் பேட்டரிகளைப் பொருத்துகிறார்கள். இங்கே உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும் என்பதால், பேட்டரிக்கு மூடிய அறை ஒன்றை மாமா முதலில் கட்டுகிறார்.