லேக் லூயிஸின் நிறம் கிடைத்த நான்காவது ஞாயிறு

ஸ்கிரீன் பிரிண்டிங்கில், அதாவது சட்டத்தில் கட்டிய வலைத்துணி வழியே மையைத் தாளில் இழுக்கும் முறையில், பழங்காலப் பாணி மெனு அட்டை ஒன்றை அச்சிடும் வேலை நான்கு வாரமாக நடக்கிறது. கனடாவின் ராக்கி மலைத்தொடரில் ஏரிக்கரையில் நிற்கும் ஷாட்டோ லேக் லூயிஸ் ஹோட்டலுக்கான அட்டை. படம் நானே வரைந்தது, முறைதான் பழையது. அந்த ஹோட்டலைக் கட்டிய கனடியன் பசிபிக் ரயில்வே, 1930களிலிருந்து தன் சுவரொட்டிகளை இப்படித்தான் அச்சிட்டது. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், நிழல் சாயல் இல்லாத தட்டையான நிறங்கள்.

முதல் ஞாயிறு முழுவதும் வரைவதிலேயே போனது. ஹோட்டலை நடுவில் வைத்து மூன்று முறை வரைந்து மூன்றையும் கிழித்தேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தவருக்கு ஹோட்டல் தெரியாது. ஜன்னலில் ஏரிதான் தெரியும். 1890இல் அங்கே மரக்கட்டைகளால் ஒரு சிறு விடுதி எழுந்ததே அந்தக் காட்சிக்காகத்தான். சில ஆண்டுகளிலேயே அது எரிந்தது. பிறகு வளர்ந்த ஹோட்டலின் மரப் பகுதி 1924இல் மீண்டும் தீக்கிரையானது. கான்கிரீட் பகுதி தப்பியது; அடுத்த ஆண்டே புதிய கட்டடம் எழுந்தது. கட்டடம் மாறிக்கொண்டே இருந்தது, ஜன்னல் காட்சி மாறவில்லை. அதனால் ஏரியும், அதன் பின்னால் 3,464 மீட்டர் உயரமுள்ள விக்டோரியா சிகரமும் மட்டும் போதும் என்று முடிவு செய்தேன். ஏரிக்குப் பெயர் தந்த இளவரசி லூயிஸ், விக்டோரியா மகாராணியின் மகள். மகளுக்குப் பின்னால் தாய் நிற்கிறாள்; இது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

வானம், மலை, பைன் காடு மூன்றும் சுலபமாக வந்தன. பனியாற்றுக்கு மை கிடையாது, தாளின் வெள்ளையே போதும். ஏரிதான் படுத்தியது. நீலமும் பச்சையும் கலந்து இழுத்தால் நீச்சல் குளம் போலப் பளபளத்தது. உண்மையில் அந்த நீர் தெளிவானதல்ல. பனியாறு நகரும்போது பாறையை மாவாக அரைக்கிறது. அந்தத் தூள் உருகுநீரோடு வந்து, சீக்கிரம் படியாமல் மிதக்கிறது. வெயில் பட்டால் அது நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கிறது. அதைப் படித்ததும் அரிசி களைந்த நீர் நினைவுக்கு வந்தது. கலவையில் வெள்ளையைச் சிறு கரண்டியால் விட்டேன். முதல் கரண்டியில் மாற்றமே இல்லை. மூன்றாவதில் மை சற்றே பால் கட்டியது. காய்ந்ததும் ஒரு படி கருக்கும் என்பதால் நான்காவதும் விட்டு, மையைத் தள்ளும் ரப்பர் விளிம்புப் பலகையை ஒரே இழுப்பாக இழுத்தேன். ஸ்கிரீனைத் தூக்கியபோது அடியில் இருந்தது ஏரிதான்!

கரையோரம் அந்த ஹோட்டல் தோட்டத்தின் ஐஸ்லாந்து பாப்பிப் பூக்களை ஆரஞ்சில் கடைசியாக அடித்தேன். இருபது தாள்களில் ஏழில் பூக்கள் விலகிவிட்டன. மேசையில் மூன்று அட்டைத் துண்டுகளை ஒட்டி, தாளின் மூலையை அவற்றில் முட்டவைத்த பிறகு விலகல் நின்றது.

பதின்மூன்று அட்டைகள் கொடியில் காய்கின்றன. உள்பக்கம் இன்னும் வெறுமை. எழுத்து அடுத்த ஞாயிறு.