16 வயதுப் பையனின் மனதை எதை வைத்து அளப்பீர்கள்?

மைனர் ஒருவன் கொலை வழக்கில் மாட்டினான் என்று செய்தி வந்தால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். "தெரிஞ்சுதானே செஞ்சான், அப்புறம் என்ன மைனர், தூக்குல போடு." சிறார் யாரையும் தூக்கில் போட நம் சட்டத்தில் இடமில்லை, பெரியவனாக வைத்து விசாரித்தாலும் கிடையாது என்று சொன்னால் என் மேலேயே பாய்வார்கள்.

கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. 2012 டிசம்பர் டெல்லி பேருந்து கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கில், 18 ஆக சில மாதங்களே பாக்கியிருந்தவனுக்கு அதிகபட்சமே 3 வருடம்தான் என்றபோது யாருக்குத்தான் வயிறு எரியவில்லை? அவன் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான், 22-ம் தேதி மாநிலங்களவையில் புதிய சிறார் நீதிச் சட்டம் நிறைவேறிவிட்டது. 18 என்ற வயதைக் குறைக்க வேண்டாம் என்று, அந்த வழக்குக்குப் பிறகு சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க அமைத்த நீதிபதி வர்மா குழு 2013-லேயே சொல்லியிருந்ததெல்லாம் அந்தச் சூட்டில் எடுபடவில்லை.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடமோ அதற்கு மேலோ உள்ள குற்றத்தில் 16 முடிந்து 18 ஆகாத ஒருவன் சிக்கினால், சிறார் வழக்குகளைப் பார்க்கும் சிறார் நீதிக் குழுமம் முதலில் ஒரு மதிப்பீடு செய்ய வேண்டும். அந்தக் குற்றத்தைச் செய்யும் மனத்திறனும் உடல்திறனும் அவனுக்கு இருந்ததா, பின்விளைவு புரிந்திருந்ததா, எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று பார்த்து, பெரியவனாக விசாரிக்கலாமா வேண்டாமா என முடிவெடுக்க வேண்டும். எனக்கு இடிப்பது இங்கேதான். எந்தச் சூழ்நிலையில் செய்தான் என்று கேட்கும்போதே செய்தது அவன்தான் என்று எடுத்துக்கொண்டாயிற்றே, விசாரணையே இன்னும் ஆரம்பிக்கவில்லை! இது விசாரணை அல்ல என்று சட்டத்திலேயே ஒரு விளக்கம் போட்டிருக்கிறார்கள், ஆனால் பையன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான், எத்தனை வருடம் உள்ளே இருப்பான் என்பதெல்லாம் இதை வைத்துத்தான் நகர்கிறது. அதுவும் என்றைக்கோ ஒரு நாள் அவன் மனதில் என்ன ஓடியது என்பதை, வாரங்கள் கழித்து, பயந்து போய் எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசிக் கண்டுபிடிக்க வேண்டும்.

குருகிராம் வழக்கைப் பாருங்கள். 2017 செப்டம்பரில் ஒரு பள்ளிக் கழிப்பறையில் இரண்டாம் வகுப்புப் பையன் கழுத்தறுபட்டுக் கிடந்தான். போலீஸ் முதலில் பிடித்தது பேருந்து நடத்துநரை, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றும் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து சிபிஐ அவர் இல்லை என்று சொல்லி அதே பள்ளியின் 11-ம் வகுப்பு மாணவனைக் கைது செய்தது. அவனைப் பெரியவனாக விசாரிக்கலாம் என்று குழுமம் டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. 2018-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில், இந்த மதிப்பீடு நுட்பமான வேலை, உளவியல் நிபுணர் உதவி வேண்டும், வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்றது. அதற்குள் பையனுக்கு 21 வயது. மகனைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு இந்த ஐந்து வருடத்தில் என்ன கிடைத்தது? இவன் சின்னவனா பெரியவனா என்ற வாதம்தான் நடந்திருக்கிறது.

2024-ல் புனேயில் போர்ஷே கார் மோதி இருவர் இறந்த வழக்கிலும் எல்லோரும், அதை ஓட்டியதாகச் சொல்லப்பட்ட 17 வயதுப் பையனின் வயதையும் ஜாமீன் நிபந்தனையாக அவனை எழுதச் சொன்ன 300 வார்த்தைக் கட்டுரையையுமே பிடித்துக்கொண்டார்கள். அவன் குடித்திருந்தது தெரியாமலிருக்க அவனுடைய ரத்த மாதிரியை மாற்றிவைத்ததாகப் பெற்றோர் மீதும் மருத்துவர்கள் மீதும் வழக்கு இருக்கிறதே, அவர்களில் யார் மைனர்?

3 வருட உச்சவரம்பு சில குற்றங்களுக்குப் போதாது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் குழுமமே 5 வருடம், 6 வருடம் வைத்துத் திருத்தும்படி சட்டத்தை மாற்றலாம், மனதை அளக்கிற இந்தச் சடங்கு தேவையில்லை. ஆனால் வைத்துத் திருத்துகிற இடம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 கடைசியில் செங்கல்பட்டு அரசு சிறார் இல்லத்தில், பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையனை அடித்தே கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் இந்த இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டார்கள். குடும்பக் குழுவில் அன்றைக்கு யாரும் ஒரு வரி எழுதவில்லை, நான் போட்ட செய்திக்கும் பதில் இல்லை.