பிந்தி விழும் பேஸ்

ஆர் அண்ட் பி என்கிற கறுப்பர் இசை பாடிய அமெரிக்கப் பாடகர் டி'ஏஞ்சலோ 2025 அக்டோபர் 14 அன்று இறந்துபோனார். கணையப் புற்றுநோய், வயது 51. மொரீஷியஸில் நாங்கள் தீபாவளிக்குப் பலகாரம் சுட ஆரம்பித்திருந்த நேரம். எங்கள் பேண்ட் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஒரே வீடியோவைப் போட்டார்கள்: கறுப்புப் பின்னணியில் சட்டையில்லாமல் நின்று அவர் பாடுகிற 'அன்டைட்டில்டு (ஹௌ டஸ் இட் ஃபீல்)' பாட்டு. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. மனிதர் உயிரோடு இருந்தபோதே அவரைப் பாடாய்ப் படுத்திய வீடியோ அது. அந்தப் பாட்டு இருக்கிற 'வூடூ' ஆல்பத்தைப் பற்றிப் பேச அதைவிட எவ்வளவோ இருக்கிறது.

நான் வாரநாளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவன், சனி ஞாயிறில் ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் பக்கம் ஓட்டல்களில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். ஆகவே இது பேஸ் வாசிக்கிறவன் பேச்சு. பாட்டு வரிகளின் விளக்கம் எதிர்பார்க்காதீர்கள். அவர் முணுமுணுப்பதில் பாதி எனக்கும் பிடிபடாது.

முதல் ஆல்பம் 'பிரவுன் சுகர்' 1995இல் வந்தது. அடுத்ததான 'வூடூ' வர 2000 ஜனவரி ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதி நியூயார்க்கில் எலெக்ட்ரிக் லேடி ஸ்டுடியோவில் கழிந்தது. ராக் கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய ஸ்டுடியோ அது. 1970 ஆகஸ்டில் திறந்தார், செப்டம்பரில் இறந்துபோனார். அங்கே டி'ஏஞ்சலோவும் டிரம்மர் குவெஸ்ட்லவ்வும் செய்தது, வெளியிலிருந்து பார்த்தால், வெட்டிப்பொழுது மாதிரி இருக்கும். பிரின்ஸ், ஜேம்ஸ் பிரவுன், ஸ்டீவி வொண்டர் கச்சேரிகளின் பழைய வீடியோ நாடாக்களைப் போட்டு மணிக்கணக்கில் பார்ப்பார்கள். அப்புறம் உட்கார்ந்து அந்தப் பழைய பாட்டுகளையே வாசிப்பார்கள். வாசிக்க வாசிக்க எங்கேயோ ஓரிடத்தில் அது தங்கள் பாட்டாக மாறும். ஒலிப்பதிவாளர் ரஸ்ஸல் எலவாடோ எல்லாவற்றையும் பழைய கருவிகளை வைத்து நாடாவிலேயே பிடித்தார். கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது அப்போதே ஊரெல்லாம் வந்துவிட்டிருந்தது.

பேஸில் பினோ பல்லடினோ, வேல்ஸ் நாட்டு கார்டிஃப்காரர். 1980களில் பிரிட்டிஷ் பாடகர் பால் யங் பாட்டுகளில் ஃப்ரெட் (கழுத்தில் பதிக்கும் குறுக்குப் பட்டை) இல்லாத பேஸை வழுக்கி வழுக்கி வாசித்தாரே, அவரேதான். இதில் ஆளே மாறிப்போயிருக்கிறார். 'சிக்கன் கிரீஸ்' பாட்டை மட்டும் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். காலால் மிதிக்கிற கிக் டிரம் விழுகிறது. அங்கே பேஸும் விழும் என்று காது காத்திருக்கிறது. விழவில்லை. ஒரு மூச்சு தள்ளி வந்து, அதுவும் அவசரமே இல்லாமல், உட்காருகிறது. அதைவிடப் பின்னால் குரல். இத்தனை பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் பாட்டு குடை சாய வேண்டும், ஆனால் சாய்வதில்லை.

இந்த இழுப்பின் ஊற்று டெட்ராய்ட்டின் ஹிப்-ஹாப் இசையமைப்பாளர் ஜே டில்லா. டிரம் மெஷினில் விரலால் தட்டினால் இயந்திரமே அதைச் சம இடைவெளிக் கட்டத்துக்குள் நகர்த்திச் சரிசெய்யும் வசதி உண்டு. டில்லா அதை அணைத்துவிட்டுத் தட்டுவார். அந்தத் தள்ளாட்டத்தைக் கையாலும் காலாலும் வாசி என்று டி'ஏஞ்சலோ கேட்டார். குவெஸ்ட்லவ்வோ கடிகாரம் மாதிரி வாசிப்பதில் பேர் வாங்கியவர். ஒரு பாட்டில் வாசிக்கக் கூப்பிட்ட ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸ், தாளத்தில் ஏதோ கோளாறு, இதோடு என்னால் வாசிக்க முடியாது என்று ஒதுங்கிக்கொண்டதை குவெஸ்ட்லவ்வே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிராவிட்ஸைக் குறை சொல்ல மாட்டேன். முதல் தடவை கேட்டபோது, பக்கத்துத் தீவு ரியூனியனிலிருந்து மாமா மகன் கொண்டுவந்த சிடியில்தான் ஏதோ கீறல் என்று நினைத்தவன் நான்.

எனக்கு இதை விளங்கவைத்தவர் கோவிலில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர், அமெரிக்கப் பாட்டெல்லாம் இரைச்சல் என்பது அவர் கட்சி. ஒருநாள் காரில் அவரை வீட்டில் விடப்போகும்போது அந்தச் சட்டையில்லாத பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். தொடையில் விரலால் எண்ண ஆரம்பித்தார். அது மும்மூன்றாக நடக்கிற பாட்டு. திஸ்ரம் பிடித்தாகிவிட்டது. கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டே வந்தவர், "காலப்பிரமாணம் இம்மி நகரலடா. இவன்தான் சாஞ்சுக்கிட்டு நிக்கிறான்" என்றார்.

"பிந்திப் பாடுறான்னுதானே வாத்தியாரே அர்த்தம்?"

"தாளம் விழுந்தப்புறம் பாட்டை எடுக்கிற அனாகத எடுப்புன்னா எத்தனை தள்ளி எடுக்கிறேன்னு நான் சொல்லிடுவேன். இதைச் சொல்ல முடியல. ஆனா ஒவ்வொரு தடவையும் அதே அளவுதான் தள்ளுறான், பாரு. விளையாட்டா என்ன!"

அவர் சொன்னதற்கு மேல் எந்த விமர்சகர் எழுதியும் நான் படித்ததில்லை. பிந்துகிறவன் பிந்த வேண்டுமென்றால் யாராவது ஒருவர் அசையாமல் நிற்க வேண்டும். இந்த ஆல்பத்தில் அந்த வேலை பாட்டுக்குப் பாட்டு கைமாறுகிறது. சில இடங்களில் ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டு, சில இடங்களில் ஒரு விரல் சொடுக்கு மட்டும். மும்மூன்று நடை நம் தீவுக்குப் புதிதும் இல்லை. எங்கள் நாட்டுப்புற இசையான செகா கேட்டு வளர்ந்த காது அது. நெருப்பில் தோலைக் காயவைத்து ராவான் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டுகிற பெரியவர்களும் கட்டத்துக்குள் தட்டுவதில்லை. மராவான் என்கிற கிலுகிலுப்பையைக் குலுக்குகிறவர் நிலையாக இருந்தால் போதும், ராவான் இஷ்டத்துக்குச் சாயும்.

ஓட்டலில் இதெல்லாம் நடக்காது. லேப்டாப்பில் பாதி பாட்டு முன்னாலேயே பதிவாகி இருக்கும், காதில் 'டிக் டிக்' ஓடும். அதை விட்டுச் சாய்ந்தால் பாடகி திரும்பி முறைப்பார். ஒரு ஓட்டல் மேலாளர், இன்றைக்கு நீங்கள் களைப்பாக வாசித்த மாதிரி இருந்ததே என்று என்னிடம் கேட்டார். அன்றைக்குத்தான் நான் ஒழுங்காகச் சாய்ந்து வாசித்திருந்தேன்.

சரி, 'வூடூ'வுக்குக் கிடைத்த வரவேற்புக்கு வருவோம். வெளிவந்த முதல் வாரத்தில் 3,20,000 பிரதிகள் விற்று அமெரிக்காவின் ஆல்பப் பட்டியலான பில்போர்ட் 200இல் முதலிடம். 2001இல் சிறந்த ஆர் அண்ட் பி ஆல்பத்துக்கான கிராமியும், அந்தச் சட்டையில்லாத பாட்டுக்காகச் சிறந்த ஆர் அண்ட் பி ஆண் குரல் கிராமியும். பாட்டுகள் நீளுகின்றன, மெட்டு கையில் நிற்கவில்லை என்று முனகியவர்களும் இருந்தார்கள். 13 பாட்டு, கிட்டத்தட்ட 79 நிமிடம், முனகலில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் வீடியோதான் எல்லாவற்றையும் விழுங்கியது. 2000இல் ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போனபோது, ஜாஸ் கலைஞர் ராய் ஹார்க்ரோவ் மாதிரி ஒருவர் மேடையில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருக்க, கீழேயிருந்து "கழட்டு, கழட்டு" என்று கூச்சல். வருஷக்கணக்கில் நாடா ஓட்டிச் செய்த வேலைக்கு அதுவா பதில்? அப்புறம் ஆள் ஒதுங்கிவிட்டார். குடி, போதை, கார் விபத்து எல்லாம் வந்து போயின. மூன்றாவது ஆல்பம் 'பிளாக் மெசையா' வர 2014 டிசம்பர் ஆனது. அவர் பாணிக்கு மற்றவர்கள் வைத்த பேர் நியோ-சோல்; அதைச் செய்வதாக நான் ஒருபோதும் சொன்னதில்லை, நான் செய்வது கறுப்பர் இசை என்று அந்தச் சமயத்தில் சொன்னார்.

ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 2012இல் 'வூடூ' 481ஆவது இடம். 2020இல் பட்டியலைப் புதிதாகப் போட்டபோது 28. பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவுதான், இருந்தாலும் இந்தத் தாவலைப் பார்த்து ஒரு திருப்தி. டில்லாவின் தள்ளாட்டத்தைப் பழகிய ஒரு தலைமுறை இடையில் வளர்ந்துவிட்டது, அவர்கள் காதுக்கு இது கோளாறாகத் தெரிவதில்லை.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'ஸ்பானிஷ் ஜாயிண்ட்' பாட்டிலிருந்து தொடங்கலாம். அதில் பேஸும் கிட்டாரும் தனித்தனி ஆள் இல்லை. சார்லி ஹண்டர் எட்டுக் கம்பி கிட்டாரில் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார். நான் இன்னும் யூடியூபில் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று மட்டும், போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பேஸ் கேட்காவிட்டால் இந்த ஆல்பத்தில் பாதி இல்லை.