சங்கிலியை ஒட்டி வளரும் கெல்ப்: காட்டலினா தீவு நாட்குறிப்பு

14 ஜூன் 2024, வெள்ளி, இரவு

கலிபோர்னியாவின் லாங் பீச்சிலிருந்து காலையில் கிளம்பிய படகு சுமார் ஒரு மணி நேரத்தில் எங்களைச் சாண்டா காட்டலினா தீவின் அவலான் துறையில் இறக்கிவிட்டது. தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான். ஆனால் இக்கடற்கரையில் ஜூன் மாதக் காலைகளில் வழக்கமாகப் படியும் மூட்டம் வழி முழுவதும் கவிந்திருந்ததால், தீவு கண்ணுக்குத் தெரியவே இல்லை. கடைசியில்தான் துறையின் முனையில் அந்த வட்டமான வெள்ளைக் கட்டடம் தெரிந்தது. 1929இல் கட்டப்பட்ட அதற்குக் காசினோ என்று பெயர் இருந்தாலும் உள்ளே சூதாட்டம் இல்லை. திரையரங்கும் நடனக் கூடமும்தான் இருக்கின்றன. நாங்கள் வந்தது அதற்குப் பின்னால் உள்ள கடலுக்காக. 1962இலிருந்து முக்குளிப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும் அச்சிறு பரப்பில் படகுகள் நுழைவதில்லை.

தங்கை இங்கே பலமுறை முக்குளித்தவள்; எனக்கு வெப்பக் கடல்களின் பவளப்பாறைகள் மட்டுமே பழக்கம். தண்ணீர் மேலே 17 டிகிரி, ஆழத்தில் அதைவிடக் குறைவு என்பதால் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் என்னும் ரப்பர் உடை அணிய வேண்டியிருந்தது. அந்தத் தடிமன் ஆளை மேலே தூக்கும் என்பதால், அதை ஈடுகட்ட இடுப்பில் ஈயக் கட்டிகளும் கூடுதலாகத் தேவைப்பட்டன. இத்தனையையும் சுமந்தபடி சிமெண்ட் படிகளில் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு இறங்கி, அலை எழும்பும் நேரம் பார்த்துத் தண்ணீரில் சாய்ந்தோம்.

இருபது அடி இறங்கியதும் கெல்ப் என்னும் பெரிய கடற்பாசியின் காடு தொடங்கியது. கீழே பாறையிலிருந்து மேற்பரப்பு வரை கயிறு கயிறாக எழுந்து நிற்கும் தண்டுகள். இலைபோன்ற ஒவ்வொரு தகட்டின் அடியிலும் நெல்லிக்காய் அளவில் ஒரு காற்றுப்பை. மேலே பின்னிக் கிடந்த தகடுகளின் இடைவெளி வழியே சாய்ந்து இறங்கும் பொன்னிற வெளிச்சம். நான் அதில் மயங்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிடும் ஆசையில் வேகமாக நீந்தினேன். சிறிது நேரத்தில் முதுகுப்புறம் ஏதோ இழுத்தது. சிலிண்டரின் வால்வில் ஒரு தண்டு சிக்கியிருந்தது. என்னவென்று பார்க்கத் திரும்பியதில் அது என்னைச் சுற்றிக்கொண்டது. மறுபக்கம் திரும்பியதும் காலிலும் ஒன்று மாட்டியது. மூச்சு வேகமெடுத்ததால் அழுத்தமானியின் முள் இறங்குவது தெரிந்தது. தங்கை என் முகத்துக்கு எதிரே வந்து, உள்ளங்கையை விரித்து "நில்" என்று சைகை காட்டினாள். பிறகு பின்னால் போய், ஒரு தண்டை மடித்தாள். இழுத்தால் ரப்பராக நீளும் அத்தண்டு, மடித்ததும் முருங்கைக்காய் போலப் பட்டென்று ஒடிந்தது.

கரையேறியதும், "அண்ணா, கெல்ப் யாரையும் பிடிப்பதில்லை. நீங்கள் சுழன்றதால்தான் அது சுற்றிக்கொண்டது. இழுத்தால் அப்படியே நில்லுங்கள், வந்த வழியில் ஒரு முழம் பின்வாங்குங்கள், தானாகக் கழன்றுவிடும்" என்றாள்.

மாலை இரண்டாம் முறை இறங்கியபோது, நீந்துவதைக் குறைத்து, எல்லை மிதவை ஒன்றின் சங்கிலியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலியை ஒட்டி ஓர் இளங்கிளை எழுந்துகொண்டிருந்தது. அதன் நுனி, சங்கிலியில் சிப்பிகள் கொத்தாக ஒட்டியிருந்த ஓர் இடத்துக்குச் சரியாக இருந்தது. பெருங்கெல்ப் ஒரு நாளில் 60 சென்டிமீட்டர் வரைகூட வளரும் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அதைக் கண்ணால் பார்க்க ஒரு வாய்ப்பு என்று தோன்றியதால், அந்தச் சிப்பிக் கொத்தை நினைவில் குறித்துக்கொண்டேன்.

15 ஜூன், சனி, மாலை

இன்றைய முதல் முக்குளிப்பு முழுவதையும் நாற்பது அடி ஆழத்தில் ஒரே பாறையருகே செலவிட்டோம். ஒரு கெல்பின் அடிப்பகுதியை முகம் தொடும் தூரத்தில் பார்த்தேன். அதை வேர் என்று சொல்லத்தான் நாக்கு எழுகிறது. ஆனால் கெல்ப் தாவரமன்று, பழுப்புப் பாசி. நீரிலுள்ள சத்துகளைத் தகடுகளே நேராக உறிஞ்சிக்கொள்வதால், இந்தப் பற்றுறுப்புக்குப் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது ஒன்றே வேலை. விரல் தடிமனுள்ள கிளைகள் கூடைப் பின்னல்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்திருந்தன. டார்ச் ஒளியை உள்ளே செலுத்தியபோது, ஓர் இடுக்கிலிருந்து நொறுங்கு விண்மீன் என்னும் கடலுயிரி ஒன்றின் மெல்லிய கை வெளியே நீண்டு, தண்ணீரைத் துழாவி, மீண்டும் உள்ளே போயிற்று. பக்கத்து இடுக்கில் கடுகளவு நண்டு ஒன்று இருந்தது. அலை இழுப்பு எங்களை முன்னும் பின்னும் ஆட்டியபோதும், மேலே முழுக் காடும் சேர்ந்து சாய்ந்தபோதும், இந்தக் கூடை மட்டும் அசையவில்லை.

அதே பாறையின் மறுபக்கம் ஆரஞ்சு நிறக் கரிபால்டி மீன் ஒன்று காவலிருந்தது. 1995இலிருந்து கலிபோர்னியாவின் மாநிலக் கடல் மீன் இதுதான். இதைப் பிடிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆண்மீன் பாறையில் ஓர் இடத்தைத் தேர்ந்து, அங்குள்ளவற்றையெல்லாம் வாயால் அகற்றி, சிவப்புப் பாசியை மட்டும் வட்டமாக விட்டுவைத்துப் பெண்மீனை அழைக்கிறது. முட்டையிட்ட பிறகு பெண்மீனையும் விரட்டிவிட்டுத் தானே காக்கிறது. நான் சற்று நெருங்கியதும் என் மாஸ்க்கின் கண்ணாடி வரை பாய்ந்து வந்து நின்றது. நீருக்குள் அதன் 'டக்', 'டக்' என்ற ஒலி தெளிவாகக் கேட்டது. அதன் உடம்பைவிடப் பலமடங்கு பெரியவன் நான். ஆனாலும் பின்வாங்கியது நான்தான்.

சிறிது தள்ளி ஷீப்ஹெட் என்னும் மீன் ஒன்று, கடல் முள்ளெலி என்னும் ஊதா நிற முள்ளுருண்டை உயிரியை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. கறுத்த தலையும் வாலும், இடையில் சிவப்புப் பட்டையும், வெண்தாடையும் கொண்ட ஆண்மீன் அது. இந்த இனத்தில் எல்லாமே பெண்ணாகப் பிறந்து, வளர்ந்தபின் சில ஆணாக மாறுகின்றன. முள்ளெலிகள் பெருகினால் பற்றுறுப்பைக் கொறித்து, தண்டை மிதக்கவிட்டு, காட்டையே வெறும் பாறையாக்கிவிடும். வடக்கே அந்த முள்ளெலிகளை உண்ணும் கடல் நீர்நாய்கள், ரோமத்துக்காக வேட்டையாடப்பட்டபின் இத்தீவைச் சுற்றி இல்லாமற்போயின. ஷீப்ஹெட்டும் கல் இறாலுமே இங்கே அந்த வேலையைச் செய்கின்றன. 2012இலிருந்து காசினோ முனையில் எதையும் பிடிக்கவோ எடுக்கவோ கூடாது என்ற தடை இருப்பதை எண்ணி மனம் நிறைந்தது. இத்தனை பெரிய ஷீப்ஹெட்டை இவ்வளவு அச்சமின்றி வேறெங்கும் பார்த்ததில்லை.

வருந்தவும் காரணம் இருந்தது. மேற்கு ஓரத்தில் கெல்ப் அற்ற பாறைகள்மீது, கிழக்காசியாவைச் சேர்ந்த சர்காசம் என்னும் பாசியின் வாடிய தண்டுகள் கிடந்தன. 2003இல் லாங் பீச் துறைமுகத்தில் கண்டறியப்பட்ட இது, தண்ணீர் வெப்பமாகிக் கெல்ப் நலிந்த இடங்களில் புகுந்துகொள்கிறது. கெல்புக்குக் குளிர்ந்த, சத்து மிக்க நீர் வேண்டும். நேற்று நான் நடுங்கிய அதே குளிர்.

15 ஜூன், இரவு

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் தரை இன்னும் முன்னும் பின்னும் ஆடுகிறது. சங்கிலியைப் பார்க்காமலே வந்துவிட்டோம் என்று தங்கையிடம் சொன்னேன். "நாளைக்குத்தானே பார்க்க வேண்டும்? இடையில் பார்த்தால் வளராது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

16 ஜூன், ஞாயிறு, படகில்

காலை ஆறரை மணிக்கே இறங்கினோம். வேறு யாரும் இல்லை. அறுபது அடியில், காட்டின் வெளி விளிம்பில், இருவரும் அசையாமல் மிதந்துகொண்டிருந்தோம். எதையும் தேடவில்லை. சில நிமிடங்களில் தண்டுகளுக்கிடையே இருந்த நிழல் ஒன்று மெதுவாகத் திரும்பியது. அது ராட்சதக் கடல் பாஸ் (giant sea bass) என்னும் மீன். என்னைவிட நீளமானது, சாம்பல் நிற உடம்பில் கருமையான வட்டங்கள், என் தலை புகுந்துவிடும் அளவு வாய். 2 மீட்டருக்கு மேல் நீளமும் 200 கிலோவுக்கு மேல் எடையும் எட்டக்கூடிய இம்மீனை மிகையாகப் பிடித்ததால் ஏறக்குறைய அழிவின் விளிம்புக்கே போய்விட்டது. 1982இல்தான் கலிபோர்னியா அதைப் பிடிப்பதற்குத் தடை விதித்தது. 70 ஆண்டுகளுக்கு மேலும் வாழும் இனம் என்பதால், அந்தத் தடைக்கு முன்பே பிறந்த மீனாகக்கூட இது இருக்கலாம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது. அதன் கண் மட்டும் அசைந்து என்னைப் பார்த்தது. பெரிய செவுள் ஒருமுறை திறந்து மூடியது. மூச்சுக் குமிழிகள் அதை விரட்டிவிடுமோ என்று மிக மெதுவாக மூச்சு விட்டேன். வாலை ஒரே ஒருமுறை அசைத்து அது காட்டுக்குள் போனது. பின்தொடர வேண்டாம் என்று தங்கை கையைக் காட்டினாள். எனக்கும் அந்த எண்ணம் எழவில்லை.

திரும்பும் வழியில், மேலேறுமுன் பாதுகாப்புக்காகப் பதினைந்து அடியில் மூன்று நிமிடம் நிற்க வேண்டியதை அந்தச் சங்கிலியருகே நின்றோம். சிப்பிக் கொத்தைக் கண்டுபிடித்தேன். கிளையின் நுனி அதைத் தாண்டிப் போயிருந்தது. அலை ஆட்டத்தில் அது ஏறி இறங்கியதால் மூன்றுமுறை கையால் அளந்து பார்த்தேன். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. நுனியில் அரிவாள்போல் வளைந்த ஒரே தகடு இருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய கீறல்கள் வரிசையாக விழுந்திருந்தன. ஒவ்வொரு கீறலும் பிரிந்து ஒரு புதுத் தகடாகிறது. மிகக் கீழே இருந்த கீறலில், மிளகளவில் காற்றுப்பை ஒன்று அப்போதுதான் உப்பத் தொடங்கியிருந்தது. தங்கையின் தோளைத் தொட்டு அதைக் காட்டினேன். அவள் மாஸ்க்கை அதன் அருகே கொண்டுபோய், மூன்று நிமிடம் முடிந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள்.