துயரம் வேறு, மனச்சோர்வு வேறு

என் மகளுக்குப் பெருமூளை வாதம். உடலியக்கத் திறனை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் வகைப்பாட்டில் அவள் மிகக் கடுமையான ஐந்தாம் நிலை. தலையை நிமிர்த்தி வைப்பதே அவளுக்குக் கடினம், உண்பதற்கும் உடுத்துவதற்கும் புரண்டு படுப்பதற்கும் இன்னொருவர் கை வேண்டும். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்துவிடும். வலிப்பு வந்துவிடுமோ என்று காதும் விழித்தே கிடக்கும். ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக உறங்கும் ஒரு தாயிடம் மனதைத் தளர விடாதே என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை.

சாவிக்கொத்தின் ஒலி கேட்டால் அவள் உடல் குலுங்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் எனக்குள் எதையும் அசைக்காமல் போகத் தொடங்கியபோது மனநல மருத்துவரைப் பார்க்க முடிவு செய்தேன்.

கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய 9 கேள்விகள் கொண்ட தாளை முதலில் கொடுத்தார்கள். மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வா என்று விரிவாக ஆராய்வார்கள். உறக்கமின்மை, களைப்பு ஆகியவற்றுக்கு என்னைப் போன்ற எந்தத் தாயும் அதிக மதிப்பெண்தான் போடுவாள். ஆகவே மருத்துவர், "குழந்தை எழுப்புவதால் விழிக்கிறீர்களா, அவள் நன்றாக உறங்கும்போதும் விழித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டாவதுதான் என் நிலை.

கடைசிக் கேள்வி, இறந்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. எனக்குப் பிறகு இவளை யார் பார்ப்பார்கள் என்ற கவலை, இருவரும் சேர்ந்தே போய்விட்டால் என்ன என்ற இடம் வரை போயிருந்ததை அன்றுதான் முதன்முறையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் பதறவில்லை, என்னைப் பழிக்கவும் இல்லை. திட்டம் ஏதும் இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டார், என் கணவரை அழைத்து வீட்டிலுள்ள வலிப்பு மருந்துகளை அவர் பொறுப்பில் பூட்டி வைக்கச் சொன்னார், மனம் அந்தப் பக்கம் திரும்பினால் யாரிடம் உடனே பேசுவது என்பதை எழுதித் தந்தார். இதே எண்ணத்தை மறைத்து வைத்திருக்கும் தாய்மார்கள் அந்தக் கேள்விக்கு உண்மையான பதிலையே தர வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மனச்சோர்வுக்காகத் தந்த மருந்து வேலை செய்யச் சில வாரங்கள் பிடித்தன. ஆலோசகரோடு பேசியதில் எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது வேறொன்று. அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் காணப்படும் தீராத் துயரம் நோயல்ல, இயல்பான மனநிலையே என்று அமெரிக்காவைச் சேர்ந்த சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர் 1962-லேயே எழுதியிருக்கிறார். ஆறிவிட்டது என்று நினைத்த துயரம், மகளின் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகும்போதோ பருவமடையும்போதோ மீண்டும் எழுவது பலவீனமல்ல என்று தெரிந்த பிறகு, அதை அடக்கப் போராடுவதை விட்டுவிட்டேன்.

ஆனால் உறக்கம் திரும்பாமல் எந்தச் சிகிச்சையும் நிலைத்த பலன் தராது. எந்தச் சாய்வில் உணவூட்டுவது, ஊட்டிய பின் எவ்வளவு நேரம் நிமிர்த்தி வைப்பது, வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் என்ன செய்வது என்று எல்லாவற்றையும் எளிதில் புரியும்படி எழுதிச் சுவரில் ஒட்டினேன்; வாரத்தில் சில இரவுகளை என் கணவரும் அக்காவும் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது அவள் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது. மருந்தை நானாக நிறுத்தவில்லை. அளவைக் குறைக்கலாமா என்று அடுத்த சந்திப்பில் மருத்துவரிடம் கேட்க இருக்கிறேன்.